ஓட்டிசம், ஏடிஎச்டி மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும்போது பயணக் காப்புறுதி எடுப்பது எப்படி

ஆடி, ஆவணி வந்தால் நல்லூர்த் திருவிழாவுக்கென்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் சொந்தங்கள் யாழ்ப்பாணம் வரத் தொடங்கிவிடுவார்கள். ரிக்கெற் போட்டு, பெட்டி வாங்கி, கடைசியில் காப்புறுதிப் படிவத்தில் வந்து நிற்பார்கள். பிள்ளையை ஓட்டிசம் மதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கு, இன்னும் கூப்பிடவில்லை, இதில் என்ன போடுவது? ஆம் என்று போட்டால் காசு கூடுமோ, இல்லை என்று போட்டால் பிறகு மாட்டுவோமோ? பெரியவர்களுக்கும் இதே சிக்கல்தான், நாற்பது வயதில் ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத் துடிப்பு) சந்தேகத்தோடு பட்டியலில் நிற்கிறவர்கள் இப்போது குறைவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், டொக்டரின் பதிவில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆனால் லண்டனில் எடுக்கும் காப்புறுதிக்கும் இங்கே எடுப்பதற்கும் ரொறன்ரோவில் எடுப்பதற்கும் விதி ஒன்றல்ல, அதனால் ஆளுக்கு ஆள் சொல்லும் யோசனையைக் கேட்டு நடந்தால் சிக்கல்தான்.

முதலில், எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

"காத்திருக்கிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதற்குள் பல படிகள் இருக்கின்றன. பள்ளிக்கூட ரீச்சர் ஒரு சந்தேகம் சொன்னார், அல்லது இணையத்தில் ஒரு கேள்விப்பட்டியலை நிரப்பிப் பார்த்தீர்கள், அவ்வளவுதான் என்றால் மருத்துவப் பதிவில் ஒன்றும் ஏறவில்லை. குடும்ப வைத்தியரிடம் போய்ச் சொன்னால் பதிவில் ஏறிவிட்டது. அவர் நிபுணரிடம் எழுதிவிட்டால் நீங்கள் மதிப்பீட்டுக்குக் காத்திருப்பவர், காசு கட்டித் தனியாரிடம் முன்பதிவு செய்திருந்தாலும் அப்படித்தான். மதிப்பீடு முடிந்து அறிக்கை வரவில்லை என்றால் முடிவுக்குக் காத்திருப்பவர். இந்தப் படிகளுக்கெல்லாம் ஒரே பதில் பொருந்தாது.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஊகிக்கத் தேவையில்லை. அங்கத்தைய அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் இன் செயலியைத் திறந்து உங்கள் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பிள்ளையின் பதிவுக்கு வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். நாளைக்குப் பெரிய தொகைக்கு உரிமைகோரல் போட்டால் காப்புறுதிக்காரர் கேட்டு வாங்கிப் படிக்கப் போவதும் அதே பதிவைத்தான், அதனால் அவர்களுக்கு முன் நீங்கள் படித்துவிடுவது நல்லது. சந்தேகம் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள், அங்கே எழுதி அனுப்பியாயிற்று என்று கிடக்கும். சில நேரம் மாறியும் இருக்கும், அனுப்பினதாகச் சொன்ன கடிதம் போகவே இல்லை என்று தெரியவரும், அப்படியென்றால் காப்புறுதியை விட அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

காத்திருப்பு எவ்வளவு காலம் என்பதும் இதில் ஒரு விஷயம். ஓட்டிச மதிப்பீடு, எழுதி அனுப்பி 3 மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது, அங்கே மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டல். நடப்பது வேறு, பல இடங்களில் வருடக்கணக்கில் போகிறது. அதுவரைக்கும் அம்மம்மாவைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? முடியாது. அதனால் காத்திருப்பு நடுவில் காப்புறுதி எடுப்பதை வழமையான ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பயந்து ஒளிக்க ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் எடுக்கும்போது

அங்கே 2012 இல் வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. கேள்வி கேட்பது காப்புறுதிக்காரரின் வேலை, கேட்டதற்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது உங்கள் வேலை, கேட்காததை நீங்களாகப் போய் ஒப்புவிக்க வேண்டிய கடமை இல்லை. ஆகவே கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். "கடந்த 2 வருடத்தில் மருந்து எடுத்தீர்களா?" என்பது ஒரு கேள்வி. "ஏதாவது பரிசோதனைக்கோ, நிபுணரைப் பார்ப்பதற்கோ, முடிவுக்கோ காத்திருக்கிறீர்களா?" என்பது வேறு கேள்வி. "நோய் என்னவென்று கண்டுபிடிக்காத அறிகுறிகள் இருக்கின்றனவா?" என்பது மூன்றாவது. முதலாவதற்கு உங்கள் பதில் இல்லை என்றாக இருக்கலாம், இரண்டாவதற்கு ஆம் என்றாகிவிடும், ஏனென்றால் ஓட்டிசத்தை நீங்கள் வருத்தமாகப் பார்க்கவில்லை என்றாலும் நிபுணரைப் பார்க்கக் காத்திருப்பது உண்மை.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வரும். "என்ர பேரனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, சும்மா துடியாட்டம், ஏன் பிள்ளை நீ பேப்பரிலை எழுதிக் கெடுக்கிறாய்?" என்று மாமியார் போனில் சொல்வார். ஓட்டிசம் நோயில்லை என்பதில் அவரோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் படிவம் அந்தத் தத்துவத்தைக் கேட்கவில்லை, காத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறது.

ஆம் என்று போட்டதும் இணையப் படிவங்கள் சில அப்படியே முகத்தில் கதவைச் சாத்திவிடும். எங்களால் தர முடியாது, நன்றி, வணக்கம். இதைப் பார்த்து மனம் விட வேண்டாம், பின்னால் போய்ப் பதிலை மாற்றிப் போடவும் வேண்டாம். அந்தக் கேள்வி புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் இதயப் பரிசோதனைக்கும் காத்திருப்பவர்களை நினைத்து எழுதியது, பெட்டியில் ஓட்டிசம் என்று விளக்கம் எழுத இடமே இருக்காது. போனை எடுத்து ஒரு மனிதரோடு பேசுங்கள். இப்படிச் சொன்னால் போதும்: "பிள்ளையை ஓட்டிசம் மதிப்பீட்டுக்கு இன்ன மாதம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் உறுதிப்படுத்தவில்லை. மருந்து எதுவும் எடுப்பதில்லை, இதற்காக வைத்தியசாலையில் நின்றதில்லை. இதை நீங்கள் எப்படிப் பதிவீர்கள், இதோடு சம்பந்தப்படாத வருத்தம், விபத்துக்கெல்லாம் முழுக் காப்பு இருக்கிறதா, இதோடு சம்பந்தப்பட்டதற்கும் இருக்கிறதா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதில் கிடைத்ததும் அதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டால் நீங்களே அவர்கள் சொன்னதை எழுதி, பேசிய திகதி, நேரம், ஆளின் பெயர் போட்டு அவர்களுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.

பல நிறுவனங்கள் ஓட்டிசத்தையோ ஏடிஎச்டியையோ தனியாக ஒரு ஆபத்தாகப் பார்ப்பதில்லை, சில நிறுவனங்கள் கூடுதல் காசு கேட்காத நிலைகளின் பட்டியலிலேயே அவற்றை வைத்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் உறுதியானபின் சுலபமாகத் தருகிற அதே நிறுவனம், காத்திருக்கும்போது தயங்கும், ஏனென்றால் அவர்களின் கணினிக்குப் பெயர் இருந்தால்தான் விலை போடத் தெரியும். முதலாவது இடம் மறுத்தால் இரண்டாவதைக் கேளுங்கள். மனிஹெல்ப்பர் என்ற அரச ஆதரவுச் சேவை, உடல்நிலை காரணமாகக் காப்புறுதி கிடைக்காதவர்களுக்கென்று நிறுவனங்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, அதிலும் தேடலாம்.

அதற்காக இல்லாத நோயை இருக்கிறதென்று போட்டுச் சுலபமாக்கவும் கூடாது. உறுதியாகவில்லை என்றால் உறுதியாகவில்லைதான். மதிப்பீட்டில் ஓட்டிசம் இல்லை, பதகளிப்பு மட்டும்தான் என்று வந்துவிட்டால் நீங்கள் போட்ட பதில் தவறாகிப்போகும்.

தவறான பதிலுக்கு என்ன நடக்கும்? வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரிந்தால் ஒப்பந்தத்தையே இல்லாமல் செய்து ஒரு சதமும் தராமல் விடலாம். கவனக்குறைவு என்றால் கணக்கு வேறு: சரியாகச் சொல்லியிருந்தால் 100 பவுண் வாங்கியிருப்பார்கள், நீங்கள் 60 தான் கட்டினீர்கள் என்றால், உரிமைகோரலிலும் 60 வீதம்தான் வரும். சரியாகச் சொல்லியிருந்தால் காப்புறுதியே தந்திருக்க மாட்டோம் என்று அவர்கள் காட்டினால் அதுவும் வராது. சிறிய மருந்துச் செலவில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் படுத்த படுக்கையாக ஒருவரை நேர்ஸோடு விமானத்தில் திருப்பி அனுப்புகிற செலவில் 40 வீதம் என்பது வீட்டை அடகு வைக்கிற கதை.

ஆட்கள் கவனிக்காமல் விடுவது

மதிப்பீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள், அதோடு கூட வந்தவற்றை மறந்துவிடுவார்கள். காத்திருக்கும் காலத்தில் டொக்டர் பதகளிப்புக்கோ மனச்சோர்வுக்கோ சேர்ட்ரலின் எழுதியிருப்பார். நித்திரை வராத பிள்ளைக்கு மெலடோனின் கொடுத்திருப்பார்கள். சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கும். இவை ஏற்கெனவே பதிவில் உறுதியாக இருக்கும் விஷயங்கள், மருந்தும் எழுதிக் கொடுத்தாயிற்று, இவற்றைச் சொல்லாமல் விடுவதுதான் ஓட்டிசத்தைச் சொல்லாமல் விடுவதை விடப் பெரிய பொத்தல். அதேபோல ஏடிஎச்டி மருந்து தொடங்குவதற்கு முன் இதயத்தைப் பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும் என்று யாராவது எழுதியிருந்தால், காப்புறுதிக்காரர் கண்ணில் நீங்கள் இதயப் பரிசோதனைக்குக் காத்திருப்பவர். அதைத் தனியாக விளக்குங்கள், இல்லாவிட்டால் விலை எங்கேயோ போய்விடும்.

அப்புறம், நிலைமை மாறுவது. பங்குனியில் காப்புறுதி எடுத்தீர்கள், வைகாசியில் மதிப்பீடு முடிந்து ஏடிஎச்டி உறுதியானது, மருந்தும் தொடங்கியது, ஆடியில் பறக்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் இந்த மாற்றத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வங்கிக் கணக்கோடு சேர்ந்து வரும் வருடாந்தக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள், எப்போதோ எடுத்தது, யார் ஞாபகம் வைத்திருப்பது? புதுப் பயணம் பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

காப்புறுதி எதற்குக் காசு தராது என்பதையும் தெரிந்துகொண்டு போகலாம். லண்டன் ஹீத்ரோ விமானநிலையத்தில் கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் பிள்ளை விமானம் ஏற மறுத்தால், அதைப் பயணம் போக விருப்பமில்லை என்ற கணக்கில் எழுதித் தள்ளிவிடுவார்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாளில் மதிப்பீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால், பயணத்தை ரத்துச் செய்த செலவும் வழமையாக வராது. இரண்டாவதுக்கு மருந்து எளிது: ரிக்கெற் போட்ட கையோடு கிளினிக்குக்கு எழுதி இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை நாட்டில் இல்லை என்று சொல்லுங்கள், ஏனென்றால் போகாமல் விட்டால் பெயரையே பட்டியலில் இருந்து எடுக்கும் இடங்களும் உண்டு. முதலாவதுக்கு, விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் உதவி கேளுங்கள். வெளியில் தெரியாத சிரமம் உள்ளவர்கள் கழுத்தில் போடுவதற்கான சூரியகாந்தி நாடா 2016 இல் கட்விக் விமானநிலையத்தில் தொடங்கியது, இப்போது பல விமானநிலையங்களில் இருக்கிறது, அதை வாங்க உறுதிப்படுத்திய கடிதம் கேட்க மாட்டார்கள். காத்திருக்கிறவர்களுக்குத் தயக்கமில்லாமல் கிடைக்கிற ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கனடாச் சொந்தங்களுக்கு

ரொறன்ரோவில் எடுக்கும் காப்புறுதியில் "நிலையாக இருத்தல்" என்றொரு நிபந்தனை வரும். புறப்படுவதற்கு முன் 90 நாள் அல்லது 180 நாள், ஒப்பந்தத்தைப் பொறுத்து, உடல்நிலையில் மாற்றம் இருக்கக் கூடாது, மருந்து மாறியிருக்கக் கூடாது, நிபுணரிடம் அனுப்பியிருக்கவோ முடிவுக்குக் காத்திருக்கவோ கூடாது என்று எழுதியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் காத்திருக்கும் பிள்ளை நிலையாக இல்லை, ஆகவே அந்த நிலையோடு தொடர்புபட்ட செலவு விலக்காகலாம். டெங்குக்கும் நாய்க்கடிக்கும் பிரச்சினை வராது. எதை "தொடர்புபட்டது" என்று எடுப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் இங்கே முக்கியம், பிள்ளை திடீரென்று ரோட்டுக்கு ஓடி மோட்டார்சைக்கிளில் அடிபட்டால் அது விபத்தா, ஏடிஎச்டியின் விளைவா? "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தக் கேள்வியை வாய்விட்டே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு

இங்கே எடுக்கும் காப்புறுதியில் விதி மற்றப் பக்கம் திரும்புகிறது. நம் நாட்டில் அதிஉயர் நம்பிக்கை என்ற பழைய கொள்கைதான் நடைமுறை: அவர்கள் கேட்காவிட்டாலும், முடிவைப் பாதிக்கக் கூடியது என்று உங்களுக்குத் தெரிந்ததை நீங்களாகச் சொல்ல வேண்டும். ஆனால் நடப்பது என்ன? விசா நிரப்பும் கடையில் இருக்கிற தம்பி, "நல்ல தேகாரோக்கியத்துடன் இருக்கிறேன்" என்ற வரிக்கு நேரே தானே ஒரு புள்ளடி போட்டு, "கையெழுத்தை வையுங்கோ அக்கா" என்பார். வைத்தபின் பொறுப்பு அக்காவுக்குத்தான். பிள்ளை யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறதென்றால், அல்லது ராகமையில் இருக்கும் அயதி நிலையத்தில் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறதென்றால், படிவத்தின் வெற்றிடத்தில் அதை ஒரு வரியில் எழுதுங்கள், கிளினிக் கொப்பியின் பக்கத்தைப் பிரதி எடுத்து இணையுங்கள், கொடுத்த படிவத்தின் முழுப் பிரதியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் "பிரச்சினை இல்லை" என்றது நிறுவனம் சொன்னதாகாது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பு கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் தூதரகத்துக்குப் போதும், ஆனால் ஏற்கெனவே உள்ள நிலைகளை அது காக்குமா என்பது வேறு கதை, பல காப்புறுதிகள் காக்காது. விசா கிடைத்த சந்தோஷத்தில் இதைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் கூட.

இன்னொன்று, இங்கிருந்து நிறையப் பேர் மதிப்பீட்டுக்கே சென்னைக்கோ வேலூருக்கோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பலாலியில் ஏறினால் சென்னை கூப்பிடு தூரம்தானே. வைத்தியம் பார்ப்பதற்கென்றே போகும் பயணத்துக்கு வழமையான பயணக் காப்புறுதி அந்த வைத்தியச் செலவைத் தராது, சில ஒப்பந்தங்கள் அப்படியான பயணத்தையே முழுதாக விலக்கிவைக்கும். சுற்றுலா என்று போட்டுவிட்டு வைத்தியசாலைப் பற்றுச்சீட்டோடு வந்து நின்றால் ஒன்றும் நடக்காது. போகும் காரணத்தை முதலிலேயே சொல்லி, வழியில் வரும் விபத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் காப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். விசாவும் அந்தக் காரணத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இங்கே வந்தபின் ஏதாவது நடந்தால்

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், இலவசம். ஆள் ஒருபுறம் வைத்தியசாலைக்குப் போகட்டும், மறுபுறம் ஒருவர் காப்புறுதியின் உதவி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். தனியார் வைத்தியசாலையில் அனுமதிப்பதற்கோ கொழும்புக்கு மாற்றுவதற்கோ முன் அவர்களின் சம்மதம் வாங்காவிட்டால் பிறகு இழுபறிதான்.

வார்ட்டில் வரலாறு கேட்கும்போது யார் பதில் சொல்வது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியம்மா முந்திக்கொண்டு "இவனுக்கு ஓட்டிசம் டொக்டர்" என்று சொல்லிவிட்டால், அது அப்படியே எழுதப்பட்டு, வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் அட்டையில் உறுதியான நோய்போல் நிற்கும். லண்டனில் அதைப் படிக்கிற காப்புறுதி அதிகாரிக்கு, நீங்கள் சொன்னது காத்திருக்கிறோம், இங்கே எழுதியிருப்பது உறுதி, இரண்டும் இடிக்கும். வைத்தியரிடம் ஓட்டிசம் சந்தேகத்தை மறைக்கச் சொல்லவில்லை, பிள்ளையைக் கையாள அவருக்கு அது தெரிய வேண்டும். "மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறோம், உறுதியாகவில்லை" என்று சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். அட்டையைக் கையில் வாங்கியதும் வெளிக்கிட முதல் படியுங்கள், மாறியிருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். பற்றுச்சீட்டு, மருந்துத் துண்டு, ரெஸ்ட் அறிக்கை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

உரிமைகோரலை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தவறு என்கிறார்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். இங்கிலாந்துக் காப்புறுதி என்றால் முதலில் நிறுவனத்துக்கே முறைப்பாடு, அவர்களுக்கு 8 வாரம் இருக்கிறது, இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) இலவசமாகப் போகலாம். இலங்கைக் காப்புறுதி என்றாலும் முதலில் நிறுவனம், பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அல்லது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எங்கே போனாலும் முதலில் கேட்பது படிவத்தின் பிரதியையும் அந்த ஈமெயிலையும்தான், அவை இருந்தால் கடிதம் எழுத அரை மணித்தியாலம் காணும்.